ரெண்டு சில்லாவுக்கு நடுவுல ஒரு இட்டேரி

மேட்டூர்ல அணை கட்டி மொத மொதலாத் தண்ணி நிறுத்துனாங்கல்லங்க, அதுக்கு மூணு வருஷமோ நாலு வருஷமோ கழிச்சு நடந்தது இது. எந்த வருஷம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க சாமி. பள்ளிக்கூடத்துப் படியை மிதிச்சவனில்லை நான். எனக்கு எல்லாமே ஆத்தை வெச்சுத்தான். பெரிய வெள்ளம் வந்து மாரியாயி கோயிலுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி நின்ன ஆடியில எனக்குத் துடுப்புப் புடிக்கத் தெம்பு பத்தாது. அணை கட்டுனப்போ மீசை வந்துருச்சு. இது நடந்தப்போ கல்யாணமாயி, பரிசலும் எங்கப்பன்கிட்ட இருந்து என்ற கைக்கு வந்துருச்சு.

நாங்க வேலூருக்குக் கீழாண்ட இருக்கற ஒரு தொறையில பரிசல் போட்டுட்டு இருந்தோம். வேலூருன்னா நம்ம நாமக்கல் பக்கத்து வேலூருங்க, வெத்தலைக்குப் பேர் போன ஊரு. இக்கரை நாமக்கல் தாலுக்கா. அக்கரை கரூர் தாலுக்கா. நடுவுல காவேரி. மூங்கில் பத்தையைப் பின்னி, எருமைத் தோலை இழுத்துக் கட்டுனா அதுதான் பரிசல். பத்துப் பேரு குந்தலாம். ஆட்டுக்குட்டி, மாப்பிள்ளை பொண்ணு, நெல்லு மூட்டை, பொங்கப்பானை, எல்லாம் அதுலதான் போகும். தண்ணி வத்துன மாசத்துல ஆருக்கும் நாங்க வேண்டாம், மணல்லயே நடந்து போயிருவாங்க. அந்த மாசத்துல நாங்க கூலி வேலைக்குப் போயிருவோம்.

எங்க தொறைக்கு ஒரு கட்டு இருந்துச்சு. கரையில நின்னு மூணு தடவை கூப்புட்டவனை ஏத்தாம இருக்கக் கூடாது. அவன் நல்லவனா, கெட்டவனா, நம்மளை நேத்து வைதவனா, அதெல்லாம் கேக்கக் கூடாது. மூணாவது கூப்பாடு காதுல விழுந்தா துடுப்பை எடுத்தாகணும். எங்கப்பன் காய்ச்சலோட கெடந்தப்பக்கூட எந்திரிச்சுப் போயிருக்காரு. இதை ஏன் சொல்றேன்னு போகப் போகத் தெரியுமுங்க.

அதுக்கு முந்தி இந்த சில்லா சமாச்சாரத்தைச் சொல்லிப்போடறேன். நான் பொறந்தப்போ ரெண்டு கரையும் திருச்சி சில்லாதான். ஒரே கலெக்டரு. அணை வேலை நடந்துட்டு இருக்கறப்போ ஒரு நாள் தலையாரி தமுக்கடிச்சான். "இனிமே நாமக்கல் தாலுக்கா சேலம் சில்லாவுக்குப் போகுது, எல்லாரும் தெரிஞ்சுக்கங்க"ன்னு. எங்க சின்னாயி மாவு இடிச்சுட்டு இருந்தவ ஒலக்கையைக் கீழ வெச்சுப்போட்டு, "எப்பத் தம்பி போகுது? நாங்க சாமான் சட்டியைக் கட்டோணுமா?"ன்னு கேட்டுப்போட்டா. தலையாரி, "நீ எங்கயும் போக வேண்டாம் ஆயா, ஊரு இங்கயேதான் இருக்கும், சில்லா மட்டுந்தான் போகுது"ன்னான். "அப்பறம் எதுக்குடா இந்தத் தட்டு தட்டற?"ன்னு மறுபடியும் இடிக்க ஆரம்பிச்சுட்டா.

சின்னாயி கேட்டது நாயந்தானுங்களே. எங்களுக்குத் தெரிஞ்ச எல்லையெல்லாம் காலுல படற எல்லை. கோயில் நோம்பி சாட்டுனா ஊரு எல்லை எதுன்னு தெரிஞ்சுரும், எல்லைக்கல்லு வரைக்கும் போயிச் சோத்தை எறிவாங்க. பொண்ணு குடுக்கறதுக்கும் கோயில்ல மொத தண்ணி வாங்கறதுக்கும் ஒரு நாடு உண்டு, அதுக்கு எந்தக் கல்லும் இல்லை, ஆனா ஒவ்வொருத்தனுக்கும் தன் நாடு எதுன்னு தெரியும். சேந்தமங்கலத்துப் பக்கம் போனா அது மிட்டா, அங்க வரி வாங்கறது மிட்டாதாரரு. எங்கூரு சர்க்காரு ஊரு, நாங்க கட்டறது மணியக்காரர்கிட்ட. சந்தையில அந்த ஊரு ஆளுகளைப் பாத்தா, "என்னப்பா, உங்க ராசா சௌக்கியமா?"ன்னு கேலி பண்ணுவோம். அவனுக, "எங்களுக்கு ஒரு ராசா, கண்ணுல பாக்கறோம். உங்க ராசா கப்பலுக்கு அக்கட்டால இருக்கறான்"னு திருப்பிக் குடுப்பானுக. தண்ணி வர்ற பக்கமே போனா மைசூரு, அது மகாராசா சீமை. அங்க மழை பேஞ்சா இங்க எங்க பொழப்பு. இத்தனை எல்லையிலயும் எனக்கு எச்சாத் தெரிஞ்சது எங்க தொறை எல்லைதான். மேக்க ஆலமரம், கெழக்க வண்ணாந்தொறை. அதைத் தாண்டி ஆள் ஏத்துனா அடிதடிதான். சில்லா மட்டும் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு ஆரு கண்டா? யாருக்கும் அது வேண்டியும் இல்லை.

வேண்டி வந்தது கள்ளுக்கடையை மூடுனப்பத்தானுங்க.

சேலம் சில்லா முச்சூடும் கள்ளு சாராயம் கெடையாதுன்னு சட்டம் வந்துச்சு. பாக்கி சில்லாவுல எல்லாம் உண்டு. மரத்துல கட்டியிருந்த கள்ளு முட்டியெல்லாம் எறங்குச்சு. பொம்பளைக கோயில்ல பொங்கல் வெச்சாங்க. எங்கக்கா வெச்ச பொங்கலை நானே தின்னேன். அக்கரையில திருச்சி சில்லா, அங்க கடை தெறந்தேதான் இருந்துச்சு. குடிகாரனுக தலையில கை வெச்சுட்டாங்க. "தமுக்கடிச்ச அன்னிக்கே நாலு பேரு போயி மாட்டேன்னு சொல்லியிருந்தா நாம திருச்சியிலயே இருந்திருப்போமே"ன்னு ஒருத்தன் அழுதே போட்டான். சில்லான்னா என்னன்னு அன்னைக்குத்தான் எங்கூருக்கு வெளங்குச்சு. இத்தனை நாளும் காகிதத்துல இருந்தது, அன்னைக்குத் தொண்டையில வந்து நின்னுச்சு.

எங்கக்கா ஊட்டுக்காரரு, எனக்கு மாமன், கொடிக்கால்காரரு. கொடிக்கால்னா வெத்தலைத் தோட்டமுங்க. அகத்தி மரத்தை வரிசையா வெச்சு அதுமேல வெத்தலைக் கொடியை ஏத்திக் கட்டோணும். தோட்டம் பண்ணாடியோடது. நெலத்துக்காரரை நாங்க பண்ணாடின்னுதான் கூப்புடுவோம். பாடு மாமனோடது, வெளைச்சல்ல பாதி அவியளுக்கு, பாதி இவியளுக்கு. மாமன் கையி மாதிரி கையி வேலூர்ச் சுத்துல கெடையாது. அவரு கட்டுன கொடியைக் காத்து அசைக்கும், அவுக்காது. ஆனா நாக்குல மட்டும் சனி, கள்ளு இல்லாம இருக்காது. கொடிக்காலுக்குள்ள செருப்போட போகக் கூடாது, தலைக்குத் தண்ணி வாக்காமப் போகக் கூடாது, குடிச்சவன் போகக் கூடாது, பொம்பளைக எப்பவுமே போகக் கூடாது. இது எங்க பக்கத்துல வழிவழியா வந்த வளமை. மாமன் அந்த வளமைக்குப் பயந்தவரு. அதனால குடிச்ச அன்னைக்குக் கொடிக்கால் பக்கமே போக மாட்டாரு. அதுதான் வம்பே. ரெண்டு நாள் ஆளில்லைன்னா கொடி காட்டிக் குடுத்துரும்.

அந்த வருஷம் புதுக்கொடி நட்டிருந்தாங்க. பண்ணாடி வந்து, "இதா பாரு, இன்னொரு தடவை உன்னையப் போதையில கண்டேன்னோ, கேஸு கீஸுன்னு காதுல விழுந்துதுன்னோ வெய்யி, கொடிக்கால் வேற ஆளுக்கு. உன்ற பொண்டாட்டி மொகத்துக்காவத்தான் இத்தனை நாள் பொறுத்தேன்"னு சொல்லிப்போட்டாரு. அந்தக் கொடிக்கால் போனா அக்காளுக்கும் மூணு புள்ளைகளுக்கும் ஒண்ணுமில்லை.

அக்கா தொறைக்கு வந்தா. "தம்பி, அவியளை அக்கரைக்கு ஏத்தாத சாமி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எப்படிக்கா? மூணு தடவை கூப்புட்டா ஏத்தோணுமே."

"ரெண்டோட காது கேக்காமப் போகட்டும்."

சரீன்னேன். மறுநாளே மாமன் வந்து நின்னாரு. நான் பரிசலைக் கவுத்துப் போட்டு அதுக்கடியில படுத்துக்கிட்டேன்.

"மாப்ளே! பரிசலு!"

நான் பேசலை.

"மாப்ளே! காலு வெளிய தெரியுதுடா! பரிசலு!"

"பரிசல்ல ஓட்டையிங்க மாமா."

"ஓட்டை பரிசல்லயா, உன்ற மண்டையிலயா? ரெண்டு கூப்புட்டாச்சு. மூணாவது கூப்புடறேன், உங்கப்பன் மேல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கறாரு. பரிசலூ!"

என்ன பண்றதுங்க? ஏத்திட்டுப் போனேன். வழி முச்சூடும் சிரிச்சுட்டே வந்தாரு. கெட்ட மனுசனில்லைங்க. புள்ளைகளைத் தோள்ல வெச்சுட்டுத் திரியற ஆளு.

போறது லேசு, வர்றதுதான் சிக்கல். இக்கரையில ஒரு போலீசுக்காரரைப் போட்டிருந்தாங்க. ஆத்தூர்ப் பக்கத்து ஆளு, பேச்சே வேற தினுசு. பரிசல்ல இருந்து எறங்கற ஒவ்வொருத்தனையும் "ஊதுய்யா"ம்பாரு. ஊதோணும். மோந்து பாத்து, வாடை அடிச்சா கேஸு. எங்காளுக கொய்யாத்தழையை மென்னு பாத்தாங்க, பச்சை வெங்காயம் தின்னு பாத்தாங்க. "இன்னாய்யா, ஆட்டுக்கு வெச்ச தழையெல்லாம் தின்னுட்டு வரீங்க?"ன்னு சிரிச்சுட்டே புடிச்சுட்டுப் போவாரு.

அப்பத்தான் ஆரோ ஒருத்தன் நடுப்பாறையைக் கண்டுபுடிச்சான். ஆத்துக்கு நட்டநடுவுல ஒரு பெரிய பாறைங்க, முப்பது பேரு ஒக்காரலாம். மேல ஏழு கல்லு நட்டிருக்கும், கன்னிமாருன்னு கும்புடுவோம். மீன் புடிக்கறதுல பாறைக்கு இக்கட்டால எங்களுது, அக்கட்டால அவங்களுது, பாறை சாமிக்கு. அதனால எங்காளுக ஒரு ரோசனை பண்ணுனாங்க. எங்க பக்கம் ரெண்டு பேரு வெள்ளாமைக் காட்டுக்கு நடுவுல ஒரு சந்து உடுவாங்க, ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, அதுல வண்டி போகும், மாடு போகும். அதை இட்டேரிம்போம். இட்டேரி அவனுக்கும் சொந்தமில்லை, இவனுக்கும் சொந்தமில்லை. ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் நடுவுலயே இத்தனை அகலம் இட்டேரி இருந்தா, ஒரு சில்லாவுக்கும் இன்னொரு சில்லாவுக்கும் நடுவுல எத்தனை அகலம் இருக்கோணும்? அந்த இட்டேரிதான் நடுப்பாறை. அங்க சேலத்துச் சட்டமும் கெடையாது, திருச்சிச் சட்டமும் கெடையாது. இப்படி முடிவு பண்ணிட்டாங்க. எனக்கும் அது நாயமாத்தான் பட்டுச்சு. குடிச்சுட்டு வர்றவனைப் பாறையில எறக்கி உட்டுருவேன், போதை தெளிஞ்ச பொறவு துண்டை வீசுவான், போயிக் கூட்டிட்டு வருவேன். போலீசுக்காரரு ஊதச் சொன்னா ஊதிப்போட்டுப் போவான்.

ஆடி மாசம் ஒரு நாள், மத்தியானம் சோத்து நேரம். மாமனைப் பாறையில எறக்கிப்போட்டு நான் அக்கரையில ஒரு கல்யாணக் கூட்டத்தை எறக்கப் போயிருந்தேன். திரும்பிப் பாக்கறேன், தண்ணி நெறம் மாறிக் கெடக்குது. செவப்பா, நொரையோட, குச்சியும் சருகும் சுத்திட்டு வருது. மைசூர்ப் பக்கம் மழை, அணை நெறஞ்சு மிச்சத்தை உட்டிருக்காங்க. இக்கரையில தமுக்கடிச்சிருக்காங்க, பாறையில படுத்திருந்த மாமனுக்குக் கேக்கலை. அக்கரையில மேளச் சத்தத்துல இருந்த எனக்கும் கேக்கலை.

நான் அடிச்சுப் புடிச்சு இக்கரைக்கு வந்தேன். தோலு ஊறி ஒரு பக்கம் தண்ணி கசிஞ்சுச்சு, மாமனை அதுல ஏத்த முடியாது, வேற பரிசலு மாத்தியாகணும். கரையில அக்கா நிக்கறா. கையில சோத்துப் போசி. போலீசுக்காரரும் நிக்கறாரு.

"தம்பி, அவிய எங்கீடா?"

நான் பாறையைக் காட்டுனேன். அவ சோத்துப் போசியைக் கீழ வெச்சா.

போலீசுக்காரரு என்ற கிட்ட வந்தாரு. "ஏம்ப்பா, ரொம்ப நாளாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். அந்தப் பாறைல இன்னா நெனைச்சுக்கினு ஆளை எறக்குற?"

நான் இட்டேரி நாயத்தைச் சொன்னேன். அவரு சிரிக்கலை. "சில்லாவுக்கு நடுவுல சந்தெல்லாம் கெடையாதுப்பா. இது முடியற எடத்துலயே அது ஆரம்பிச்சுடும். நடுவுல ஒரு நூலு போற எடங்கூட இல்ல. ஒண்ணு இங்க இருக்கணும், இல்ல அங்க இருக்கணும்."

"இப்ப என்னங்க பண்றது?"

"மனுசனைத் தூக்கினு வா மொதல்ல. இங்க எறக்குனா நான் எழுதித்தான் ஆவணும், எனக்கு மேல ஆள் இருக்கு." அப்படீன்னு ஆத்தைப் பாத்துத் திரும்பி நின்னுட்டு, "அங்க எறக்குனா அது என் சில்லா இல்ல"ன்னாரு.

வேற பரிசலைத் தள்ளுனேன். அக்கா தண்ணிக்குள்ள எறங்கி வந்து பரிசல் விளிம்பைப் புடிச்சா. "நானும் வாரேன்."

"வேண்டாங்கா, சுத்துது பாரு."

"கூப்புட்டா ஏத்தோணுமில்ல? பரிசலு, பரிசலு, பரிசலு. போதுமா?"

போனோம். பாறை மேல மொழங்கால் மட்டும் தண்ணி. மாமன் கன்னிமாருக் கல்லை ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுட்டு ஒக்காந்திருக்காரு. பாதி தெளிஞ்சிருக்குது, பாதி தெளியலை.

"மாப்ளே, ஆத்துல ஆரோ தண்ணியைத் தெறந்துட்டாங்கடா!"

"வாங்க மாமா, கையக் குடுங்க."

உள்ள ஏறி ஒக்காந்த பொறவுதான் அக்காளைப் பாத்தாரு. தலையைக் கவுத்துட்டாரு. நான் துடுப்பை வெச்சுட்டு அக்கா மொகத்தைப் பாத்தேன். இக்கரைன்னா கேஸு, கேஸுன்னா கொடிக்கால் போச்சு. அக்கரைன்னா இந்தத் தண்ணி வடியற வரைக்கும் மனுசன் வர முடியாது, ஆளில்லாத புதுக்கொடியை ஆடிக்காத்து என்ன பண்ணும்னு அவளுக்குத் தெரியும். ரோசனை பண்ண நேரமில்லைங்க. ஒரு சுத்து சுத்துச்சு பரிசலு.

"அக்கரைக்கு உடு தம்பி"ன்னா.

"ஏம்மிணி, என்னையப் பரதேசம் தாட்டி உடறயா?"ன்னாரு மாமன்.

"தெளிஞ்சா இக்கரைக்கு வாங்க. தெளியாட்டி அங்கயே இருங்க, கடை பக்கத்துலயே இருக்குது."

"கொடிக்காலு?"

"அது என்ற பாடு."

அவரைக் கரூர்க் கரையில எறக்கி உட்டுப்போட்டுத் திரும்புனோம். எங்க தொறைக்கு வந்து சேரலைங்க, ஒரு கல்லு தூரம் கீழ இழுத்துட்டுப் போயி வண்ணாந்தொறைக்கும் அக்கட்டால ஒதுக்குச்சு. அன்னைக்கு ஏறுன தண்ணி எட்டு நாளைக்கு எறங்கலை. பரிசல் போடக் கூடாதுன்னு உத்தரவு.

பரிசல் இல்லாட்டி எனக்கு என்ன வேலை? நான் கொடிக்காலுக்குப் போனேன். அக்கா வாசல்ல இருக்கற மூங்கில் படலுக்கு வெளிய நின்னுக்குவா, நான் உள்ள. மாமன்கிட்டக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனா ஒரு நாளும் உள்ள போனதில்லை. வெளிய நின்னே சொல்லுவா. "மூணாவது வரிசையில வாய்க்காலைத் தெற. போதும், அடை. தண்ணி நின்னா வேரு அழுகிரும்." அது வரைக்கும் எனக்கு முடிஞ்சுது. தண்ணி நம்ம சாதி. கட்டறதுதான் முடியலைங்க. கோரையைக் கிழிச்சு, கொடிக்கு வலிக்காமச் சுத்தி, அகத்தியோட சேத்து முடிச்சுப் போடோணும். இந்தக் கையி மூங்கிலை வளைச்ச கையி. புதுக்கொடி, பச்சைப் புள்ளை வெரலு மாதிரி இருக்கும், தொட்டா ஒடியுது. காத்து ஒரு பக்கம் அவுக்குது, நான் ஒரு பக்கம் ஒடிக்கறேன்.

"டேய், எருமையைக் கட்டறயா?"ன்னு வெளிய இருந்து வைவா. "இறுக்காதடா! அய்யோ, அதையும் ஒடிச்சயா?"

மூணாம் நாள் மத்தியானம் ஒரு வரிசையே சாஞ்சு கெடந்துச்சு. நான் ஒக்காந்துட்டேன். "முடியலக்கா. வேற ஆளைக் கூப்புடலாம்."

"ஆளைக் கூப்புட்டா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா பண்ணாடிக்குத் தெரியும்."

காத்து உய்யுனு அடிக்குது. அக்கா வெசையாக் கெணத்துப் பக்கம் போனா. தலைக்குத் தண்ணி வாத்துட்டு, ஈரச் சேலையோட வந்து படலைப் புடிச்சா.

"அக்கா, என்ன பண்ற?"

"நான் வாக்கப்பட்டு வந்தப்போ இந்த ஊரு திருச்சியில இருந்துச்சு. எவனோ ஒருத்தன் எழுதுனான், சேலத்துக்குப் போயிருச்சு. மலை நகரலை, ஆறு நகரலை, எல்லை மட்டும் நகந்துச்சு. முகந்தெரியாதவன் அத்தனை பெருசை நகத்தலாம், நான் இந்தப் படலை நகத்தக் கூடாதா?"

படலை ஒதுக்கிப்போட்டு உள்ள வந்துட்டா. கொடி அங்கயே கருகிரும்னு நெனைச்சேனுங்க. அவ வடக்க பாத்து ஒரு கும்புடு போட்டா. சாஞ்ச வரிசையில மொதக் கொடியை எடுத்தா. கோரையைப் பல்லுல கிழிச்சா. கட்டுனா பாருங்க, மாமன் கட்டு தோத்துப்போகும். மொதல் நாலஞ்சு கொடி வரைக்கும் அவுத்து அவுத்துக் கட்டுனா, அப்பறம் கை பழகிப்போச்சு. பொழுது எறங்கறதுக்குள்ள அந்த வரிசை எந்திரிச்சு நின்னுச்சு. மறுநாளும் கருகலை. அதுக்கு மறுநாளும் கருகலை.

ஆறாம் நாள் பண்ணாடி வந்தாரு. அக்கா எட்டத்துல அவரைப் பாத்துட்டுப் படலுக்கு வெளிய ஓடி வந்து நின்னுக்கிட்டா, சேலை முச்சூடும் சேறு.

"எங்க அவன்?"

"ஒறம்பரைச் சனத்து ஊட்டுக்குங்க. கரூர்ப் பக்கம். தண்ணி வந்ததுனால திரும்ப முடியலைங்க"ன்னேன். முழுப் பொய்யின்னும் சொல்ல முடியாது.

செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ள போனாரு. வரிசை வரிசையாப் பாத்தாரு. ரெண்டு கொடியைத் தொட்டு, "இது ஆரு கட்டுனது, பரிசல் முடிச்சா இருக்குது?"ன்னாரு.

"நானுங்க."

"இது?"

அவரு குனிஞ்சு வாய்க்கால் ஓரத்துச் சேத்தைப் பாத்தாரு. காலடி. சின்னக் காலு. காலு வெரல் மிஞ்சி பட்ட தடமும் கூட இருந்துச்சு.

"இது ஆரு காலு?"

"என்ற காலுதானுங்க."

அவரு என்ற காலைப் பாத்தாரு. என்ற காலு மொறம் மாதிரி. எத்தனை நேரம் பாத்தாருன்னு தெரியாது, எனக்கு ஒரு யுகமாட்டம் இருந்துச்சு.

"அந்தக் காலையே நாளைக்கும் வரச் சொல்லு"ன்னாரு. "கட்டு நல்லா இருக்குது." செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாரு. அக்கா அங்கயே குந்திட்டா.

எட்டாம் நாள் தண்ணி எறங்குச்சு. ஒம்பதாம் நாள் காத்தால அக்கரையில இருந்து கூப்பாடு. ஒண்ணு, ரெண்டு, மூணு. போனேன். மாமன் தோள்ல ஒரு கட்டு நடவுக்கொடி, ஈரச்சாக்குல சுத்தி வெச்சிருக்காரு. பரிசல்ல வர்றப்போ சிரிக்கலை. பாறையைத் தாண்டறப்போ மட்டும் ஏழு கல்லையும் பாத்துக் கும்புட்டாரு.

போலீசுக்காரரு, "ஊதுய்யா"ன்னாரு.

ஊதுனாரு. வெத்தலை வாசம்.

"இன்னாய்யா இது! எட்டு நாளு கடை பக்கத்துலயே கெடந்துட்டு?"

"அங்க ஒரு கொடிக்கால்ல வேலைக்குச் சேந்தனுங்க, சோத்துக்கு. குடிச்சுட்டு உள்ள போகக் கூடாதுங்க. அக்கரையிலயும் கொடிக்காலுக்கு அதே சட்டந்தானுங்க."

போலீசுக்காரரு வாய் உட்டுச் சிரிச்சாரு. "எங்க கலெக்டரை விட உங்க வெத்தலை பெரிய ஆளுதான், போ."

மாமன் நேராக் கொடிக்காலுக்குத்தான் போனாரு, நானும் பொறவாலயே போனேன். படலு தெறந்து கெடக்குது. உள்ள அக்கா, முதுகு இங்கிட்டு, கொடி கட்டிட்டு இருக்கறா. மாமன் வாசல்ல நின்னுட்டாரு. நான் சண்டைக்குத் தயாரா இருந்தேன். அவரு மொத வரிசையைப் பாத்தாரு, கடைசி வரிசையைப் பாத்தாரு. தோள்ல இருந்த கட்டைக் கீழ வெச்சாரு.

"உள்ளார வரலாமுங்களா அம்மிணி?"ன்னாரு.

அவ திரும்பியே பாக்கலை. "தலைக்குத் தண்ணி வாத்தாச்சா?"ன்னா.

"இதா, வாத்துட்டு வாரேன்"னு கெணத்துப் பக்கம் ஓடுனாரு, புள்ளை மாதிரி.

அந்த வருஷம் ஊருல பேச்சு வராம இல்லை. பொம்பளை கொடிக்காலுக்குள்ள போயிட்டா, இனி மழையே வராதுன்னாங்க. மழை வந்துச்சு. நாலு பேரு கொடிக்கால்ல கொடி கட்ட ஆளில்லாதப்போ அக்காளைத்தான் கூப்புட்டாங்க, அப்பறம் அவிய ஊட்டுப் பொம்பளைகளும் தலைக்கு வாத்துட்டு உள்ள எறங்குனாங்க. உலகச் சண்டைக் காலத்துல சட்டத்தை எடுத்துட்டுக் கடையை மறுபடியும் தெறந்தாங்க. மாமன் அந்தப் பக்கம் போனதை நான் பாக்கலை. போயிருக்கலாம், மனுசந்தானே. ஆனா கொடிக்காலு ஒரு நாளும் ஆளில்லாமக் கெடந்ததில்லை, ஒருத்தரு இல்லாட்டி இன்னொருத்தரு இருப்பாங்க.

அக்காளும் மாமனும் போயி ரொம்ப நாளாச்சுங்க. அவிய பேரன் பேத்திக இன்னைக்கும் அதே மண்ணுல வெத்தலை வெச்சிருக்காங்க, இப்ப அது அவங்களுக்கே சொந்தம். ஆரு கேட்டாலும் "எங்க தாத்தன் கை ராசி, தாத்தன் காப்பாத்துன கொடிக்காலு"ங்கறாங்க. நீங்க வேலூர்ப் பக்கம் போவீங்கன்னு சொன்னீங்கல்ல சாமி. எனக்கு இப்பக் கண்ணும் செரியில்லை, காலும் செரியில்லை. போனீங்கன்னா அந்தப் புள்ளைகளைப் பாத்து இதைச் சொல்லிப்போடுங்க. அந்த எட்டு நாளு உங்க தாத்தன் அக்கரையில இருந்தாரு, கொடியைக் கட்டி நிறுத்துனது உங்க அப்பத்தா, கூட இருந்து பாத்தவன் சொன்னான்னு சொல்லுங்க. ஒருத்தருகிட்டச் சொன்னாப் போதாது, பேத்திகளையும் ஒட்டுக்காக் கூப்புட்டு வெச்சுச் சொல்லுங்க.